முதுமையில் வாய் நலம்: முதியோரும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

அறுபது வயதைக் கடந்தால் பற்கள் ஒவ்வொன்றாக விழுவது இயல்பே என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. இதனால் பல் ஆடினாலும், ஈறில் இரத்தம் கசிந்தாலும், மெல்ல முடியாமற் போனாலும் முதியோர் பலர் மருத்துவரிடம் கூறுவதில்லை. குடும்பத்தாரும் கஞ்சியும் குழைந்த சோறும் கொடுத்துக் காலத்தைக் கடத்திவிடுகின்றனர். உண்மையில், பற்கள் விழுவதற்குக் காரணம் வயது அன்று. பற்சொத்தை, ஈறு நோய் ஆகிய இரண்டுமே முதன்மைக் காரணங்கள். இவ்விரண்டையும் தடுக்க இயலும். தொடக்கத்தில் கண்டறிந்தால் கட்டுப்படுத்தவும் இயலும்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். ஆகவே வாய்ப் பராமரிப்பு என்பது பெரும்பாலான குடும்பங்களைத் தொடும் செய்தியாகும். இப்பக்கம் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் முதியோருக்கும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தார், உதவியாளர் ஆகியோருக்கும் பயன்படும் வகையில் எழுதப்பட்டுள்ளது.

முக்கியக் குறிப்புகள்

- ஃபுளூரைடு கலந்த பற்பசையால் நாள்தோறும் காலையிலும் இரவு உறங்கும் முன்னும் பல் துலக்க வேண்டும்.
- பல்செட் அணிபவர்கள் இரவில் அதைக் கழற்றித் தூய நீரில் வைக்க வேண்டும்.
- வாயில் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு ஆகியவற்றை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.
- வெற்றிலை பாக்கு, புகையிலை, மூக்குப்பொடி ஆகியவற்றை எந்த வயதில் நிறுத்தினாலும் பயன் உண்டு.
- படுக்கையில் இருப்பவர், குழாய் வழியே உணவு பெறுபவர், பற்களே இல்லாதவர் ஆகியோருக்கும் நாள்தோறும் வாயைத் தூய்மை செய்வது கட்டாயம்.

பல் இழப்பு தவிர்க்க முடியாததா?

ஜப்பான் நாட்டில் 1989-ஆம் ஆண்டு ‘80 வயதில் 20 பற்கள்’ என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. 20 இயற்கைப் பற்கள் இருந்தால் பெரும்பாலான உணவுகளை மென்று உண்ண முடியும் என்பதே இந்த எண்ணிக்கையைத் தேர்ந்தமைக்குக் காரணம். அக்காலத்தில் அந்நாட்டில் 80 வயதினருள் பத்தில் ஒருவருக்குக்கூட 20 பற்கள் இல்லை. 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ இருவரில் ஒருவர் அந்நிலையை எட்டியிருந்தனர். முதியோரின் வயது மாறவில்லை, பராமரிப்பு மாறியது. நம் நாட்டு முதியோருக்கும் இது பொருந்தும்.

வயது ஏறும்போது வாயில் நிகழும் மாற்றங்கள்

*ஈறு இறக்கமும் வேர்ச் சொத்தையும்.* பல்லின் வெளியே தெரியும் பகுதியை எனாமல் என்னும் கடினமான உறை காக்கிறது. ஈறுக்குள் இருக்கும் வேர்ப்பகுதிக்கு இந்த உறை இல்லை. ஈறு கீழிறங்கும்போது வேர் வெளியே தெரியத் தொடங்குகிறது. அப்பகுதி மென்மையானது என்பதால் அங்குச் சொத்தை விரைவாகப் பரவும். பல் கூச்சமும் ஏற்படும். இளமையில் சொத்தையே இல்லாதவருக்கும் முதுமையில் இது வரக்கூடும். பல்லின் உட்புற நரம்புப் பகுதி வயதாக ஆகச் சுருங்குவதால் வலி குறைவாகவே இருக்கும். ஆகவே வலி இல்லை என்பதைக் கொண்டு நோய் இல்லை என்று முடிவு செய்யலாகாது.

*ஈறு நோய்.* பல்லின் மீது நாள்தோறும் நுண்ணுயிர்ப் படலம் ஒன்று படிகிறது. துலக்கி நீக்காவிடில் அது கெட்டிப்பட்டுக் காரையாக மாறுகிறது. காரை படிந்த இடத்தில் ஈறு வீங்கி, துலக்கும்போது இரத்தம் கசியும். கவனியாது விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். பற்களுக்கிடையே இடைவெளி தோன்றும். இறுதியில் பல் ஆடி விழும். இந்நோய் பல ஆண்டுகள் வலியின்றியே வளரும்.

*வாய் வறட்சி.* உமிழ்நீர் உணவை நனைக்கிறது, வாயில் உருவாகும் அமிலத்தைச் சமன்செய்கிறது, கிருமிகளைக் கட்டுப்படுத்துகிறது. அது குறைந்தால் சொத்தை, பூஞ்சைத் தொற்று, விழுங்குவதில் தொல்லை, பல்செட் பொருந்தாமை ஆகியவை தொடரும். முதுமையில் வாய் வறட்சிக்குப் பெரும்பாலும் வயதைவிட உட்கொள்ளும் மருந்துகளே காரணம்.

*தேய்மானம்.* பல்லாண்டுகள் மென்றதாலும், சொரசொரப்பான பொடிகளால் தேய்த்ததாலும் எனாமல் தேய்ந்திருக்கும். தேய்ந்த பல்லின் கூரிய விளிம்பு கன்னத்தையோ நாக்கையோ தொடர்ந்து உரசிப் புண்ணாக்கினால், அதைப் பல் மருத்துவரிடம் காட்டி மழுங்கச் செய்ய வேண்டும்.

வாயின் நலமும் உடலின் நலமும்

*நீரிழிவு நோய்.* சர்க்கரை அளவு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் எளிதில் முற்றுகிறது. அதேபோல், முற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈறு நோய்க்கு உரிய சிகிச்சை பெற்றவர்களிடம் அடுத்த 3 முதல் 4 மாதங்களில் எச்பிஏ1சி அளவு சராசரியாகச் சுமார் 0.4 விழுக்காடு குறைவதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. மாத்திரையை முறையாக உட்கொண்டும் சர்க்கரை குறையாதவர்கள் ஈறுகளையும் பரிசோதித்துக்கொள்வது நன்று.

*நுரையீரல்.* உறங்கும்போதும், விழுங்கும் ஆற்றல் குறைந்த நிலையிலும் வாயிலுள்ள உமிழ்நீர் சிறிதளவு மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது உண்டு. வாய் தூய்மையாக இல்லாவிடில் அதனுடன் ஏராளமான கிருமிகளும் இறங்கி நிமோனியா எனும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதி நோய் ஆகியவை உள்ளவர்களுக்கு இவ்வாபத்து மிகுதி. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 366 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பராமரிப்பாளர் பல் துலக்கிவிட்ட பிரிவில் 11 விழுக்காட்டினருக்கு நிமோனியா ஏற்பட்டது. அவ்வாறு செய்யப்படாத பிரிவில் அது 19 விழுக்காடாக இருந்தது. பல் துலக்கிவிடச் செலவிடும் ஐந்து நிமிடம் நுரையீரலுக்கும் பாதுகாப்பு என்பதைப் பராமரிப்போர் நினைவில் கொள்ள வேண்டும்.

*உணவும் ஊட்டமும்.* மெல்ல முடியாதவர்கள் முதலில் கைவிடுவது காய்கறி, பழம், பயறு, இறைச்சி ஆகியவற்றையே. அவற்றின் இடத்தை ரஸ்க், பிஸ்கட், பால் கலந்த சோறு ஆகியவை பிடித்துக்கொள்கின்றன. இதனால் புரதமும் நார்ச்சத்தும் குறைந்து உடல் மெலிவும் மலச்சிக்கலும் ஏற்படுகின்றன. முதியவர் ஒருவர் காரணமின்றி எடை குறைந்தால், அவருடைய வாயையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பு

மென்மையான தூரிகையைப் பயன்படுத்துங்கள். பட்டாணி அளவு பற்பசை போதும். ஃபுளூரைடு சேர்ந்துள்ளதா என்பதைப் பற்பசை உறையின் மீது பார்த்து வாங்குங்கள். தூரிகையை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 பாகை சாய்வாக வைத்து, சிறு சிறு அசைவுகளாக மெதுவாகத் துலக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் ஈறு மேலும் இறங்கும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு ஆகிய மூன்றையும் துலக்க இரண்டு நிமிடம் ஆகும். துலக்கிய பின் பசையைத் துப்பினால் போதும். உடனே பலமுறை வாய் கொப்பளித்தால் ஃபுளூரைடு கழுவப்பட்டுவிடும். இறுதியில் நாக்கையும் மென்மையாகத் துலக்குங்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறையோ, இழைகள் விரிந்த உடனேயோ தூரிகையை மாற்றுங்கள்.

செங்கல் தூள், சாம்பல், கரி, உப்பு, சொரசொரப்பான பற்பொடி ஆகியவை எனாமலைத் தேய்த்துவிடும். வேப்பங்குச்சியால் துலக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஈறில் குத்திக்கொள்ளாமல் கவனமாக இருக்க வேண்டும். குச்சியில் ஃபுளூரைடு இல்லை என்பதால், இரவில் மட்டுமேனும் தூரிகையும் பற்பசையும் பயன்படுத்துவது நல்லது.

கைவிரல்களில் மூட்டுவலியோ நடுக்கமோ உள்ளவர்களுக்கு மெல்லிய கைப்பிடியைப் பற்றுவது கடினம். தூரிகையின் கைப்பிடியில் துணியைச் சுற்றிக் கட்டியோ, மிதிவண்டிக் கைப்பிடி உறை போன்ற ரப்பரைச் செருகியோ தடிமனாக்கிக் கொள்ளலாம். மின்கலத்தால் இயங்கும் தூரிகையும் உதவும். நிற்க இயலாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து துலக்கலாம்.

பற்களுக்கிடையே உணவு சிக்கினால் ஊக்கு, குண்டூசி, தீக்குச்சி ஆகியவற்றால் குத்துதல் கூடாது. அதற்கென உள்ள சிறு இடைப்பல் தூரிகையைப் பயன்படுத்தும் முறையைப் பல் மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

இனிப்பை எவ்வளவு உண்கிறோம் என்பதுடன் எத்தனை முறை உண்கிறோம் என்பதும் முக்கியம். சர்க்கரை சேர்த்த தேநீரை நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குடிப்பது, மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வது ஆகியவை பற்களை நெடுநேரம் அமிலத்தில் ஊறவைக்கும். இனிப்பை உணவு வேளையோடு முடித்துக்கொள்ளுங்கள். மெல்லச் சிரமப்படுபவர்களுக்குக் கீரை மசியல், நன்கு வெந்த பருப்பு, முட்டை, மீன், இட்லி, இடியாப்பம், கேழ்வரகுக் கூழ், கனிந்த பப்பாளி, வாழைப்பழம் ஆகியவை ஏற்றவை. நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் தமக்கு மருத்துவர் வகுத்த உணவு முறைக்குட்பட்டு இவற்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

வாய் வறட்சி இருந்தால்

ஒவ்வாமை, மன அழுத்தம், உறக்கமின்மை, சிறுநீர் அடக்க இயலாமை, பார்க்கின்சன் நோய் ஆகியவற்றுக்கான சில மருந்துகளும், இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீரை மிகுவிக்கும் மாத்திரைகளும் வாயை வறளச் செய்யக்கூடும். தாமாக எந்த மருந்தையும் நிறுத்தக் கூடாது. உட்கொள்ளும் அனைத்து மருந்துகளையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டினால், மாற்று மருந்தோ அளவு மாற்றமோ இயலுமா என்பதை அவர் முடிவு செய்வார்.

- அடிக்கடி ஓரிரு மிடறு நீர் அருந்துங்கள். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் ஆகியவற்றுக்காக நீரின் அளவு வரையறுக்கப்பட்டிருந்தால், அந்த அளவுக்குள் வாயை நனைத்துக்கொள்ளுங்கள்.
- சர்க்கரை இல்லாத சூயிங்கம் உமிழ்நீரைத் தூண்டும். வறட்சிக்காகப் புளிப்பு மிட்டாய் சாப்பிடும் பழக்கம் பற்களைக் கெடுக்கும்.
- காரம், மது, புகை ஆகியவை வறட்சியை மிகுவிக்கும்.
- உதட்டில் வெடிப்பு ஏற்படாமல் வாசலின் தடவலாம். ஆக்சிஜன் செலுத்தப்படும் நோயாளிக்கு நீரில் கரையும் பூச்சு எதைத் தடவலாம் என்று செவிலியரிடம் கேளுங்கள்.
- ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையெனில் வாயில் பூஞ்சைத் தொற்று உண்டாகும்.

பல்செட் பராமரிப்பு

கழற்றி மாட்டும் பல்செட்டை உணவுக்குப் பின் கழற்றி நீரில் அலசுங்கள். நாளுக்கு ஒருமுறையாவது மென்மையான தூரிகையாலும் சோப்பு நீராலும் துலக்குங்கள். பற்பசை பல்செட்டின் மேற்பரப்பைக் கீறிவிடும். அக்கீறல்களில் கிருமிகள் தங்கும். கொதிநீர் அதன் வடிவத்தைக் குலைத்துவிடும். கைதவறி விழுந்தால் உடையாதிருக்க, கீழே பாத்திரத்தில் நீர் நிரப்பி அதன் மேல் பிடித்துக் கழுவுங்கள்.

இரவில் பல்செட்டைக் கழற்றி, மூடியுள்ள பாத்திரத்தில் தூய நீரில் இட்டு வையுங்கள். இரவும் பகலும் அணிந்திருந்தால் அண்ணம் சிவந்து பூஞ்சைத் தொற்று ஏற்படும். 85 வயது கடந்த ஜப்பானியரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், பல்செட் அணிந்தே உறங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரு மடங்குக்கும் மேலாகக் காணப்பட்டது. பல்செட்டைக் கழற்றிய பின் ஈறுகளையும் அண்ணத்தையும் நாக்கையும் மென்மையான தூரிகையாலோ ஈரத் துணியாலோ துடையுங்கள்.

பற்கள் விழுந்த பின் தாடை எலும்பு மெல்ல மெல்லக் கரைவதால், நன்றாகப் பொருந்தியிருந்த பல்செட்டும் நாளடைவில் தளரும். தளர்ந்த பல்செட்டால் உண்டாகும் புண்ணைப் பொறுத்துக்கொண்டு அணியாதீர்கள். பல் மருத்துவர் அதன் உட்புறத்தைச் சரிசெய்துதர இயலும். வீட்டிலேயே அரத்தால் தேய்ப்பதும் பசையால் ஒட்டுவதும் கூடாது.

தகுதி பெறாதவர்கள் சாலையோரங்களிலும் வீடு தேடி வந்தும் செயற்கைப் பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து நிலையாக ஒட்டிவிடுவது உண்டு. கழற்றவோ கழுவவோ முடியாத அப்பல்லின் அடியில் உணவு அழுகி, நல்ல நிலையில் இருந்த பற்களும் கெட்டுவிடும். விலை குறைவு என்று கருதி ஏமாற வேண்டாம்.

வெற்றிலை பாக்கு, புகையிலை, மூக்குப்பொடி

புகையிலை மட்டுமே தீங்கு, வெற்றிலை பாக்கு தீங்கற்றது என்று முதியோர் பலர் கருதுகின்றனர். உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கையும், புகையிலை சேர்க்காத தாம்பூலத்தையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என 2004-இல் வகைப்படுத்தியுள்ளது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து மேலும் கூடும். மூக்குப்பொடியைப் பல்லிலும் ஈறிலும் தேய்க்கும் பழக்கமும் புகையிலைப் பயன்பாடே. புகையிலை கலந்த பற்பசையும் பற்பொடியும் இந்தியாவில் 1992-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டுள்ளன.

நீண்ட நாள் பாக்கு மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் விறைத்து, வாய் திறக்கும் அளவு குறையக்கூடும். இதுவும், உணவின் சாதாரணக் காரமும் தாங்க இயலாத எரிச்சலும் புற்றுநோய்க்கு முந்தைய நிலையின் அடையாளங்களாக இருக்கலாம். ‘இத்தனை ஆண்டுகள் பழகியாயிற்று, இனி எதற்கு’ என்று எண்ண வேண்டாம். நிறுத்திய நாள் முதல் ஆபத்து மேலும் வளர்வது தடைபடுகிறது. உதவிக்குத் தேசியப் புகையிலை நிறுத்த இலவச எண் 1800-11-2356-ஐ அழைக்கலாம்.

மாதம் ஒருமுறை வாயைப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில், பல்செட்டைக் கழற்றிவிட்டு, உதட்டின் உட்புறம், இரு கன்னங்கள், ஈறுகள், நாக்கின் மேற்பரப்பு, பக்கவாட்டு விளிம்புகள், நாக்கின் அடிப்பகுதி, அண்ணம் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். பார்வை குறைந்தவர்களுக்குக் குடும்பத்தார் பார்த்துச் சொல்லலாம். புண், திட்டு, கட்டி, மரத்துப்போதல், கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவற்றுள் எதுவும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். வலி இல்லை என்பதற்காகத் தள்ளிப்போடலாகாது. வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அந்நிலையில் கண்டறியப்பட்டால் குணமாக்கும் வாய்ப்பு மிகுதி.

பராமரிப்போருக்கு

முதியவரால் இயன்ற வரை அவரே துலக்கட்டும். பசையை இட்டுக்கொடுத்தல், நினைவூட்டல், விடுபட்ட இடத்தை முடித்துக்கொடுத்தல் என உதவியைப் படிப்படியாகக் கூட்டலாம். வாயைத் திறக்கச் சொல்லிப் பிறர் துலக்கிவிடுவதைச் சிலர் மானக்குறைவாக உணர்வர். என்ன செய்யப் போகிறோம் என்பதை முன்பே கூறி, அவருடைய ஒப்புதலுடன், மறைவான இடத்தில் செய்யுங்கள்.

*பக்கவாதம் ஏற்பட்டவர்.* செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் உணவு தங்கிவிடும். அவருக்கு அது தெரியாது. ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் அப்பக்கத்தைப் பார்த்துத் தூய்மை செய்யுங்கள்.

*மறதி நோய் உள்ளவர்.* அவர் அமைதியாக இருக்கும் வேளையைத் தேர்ந்தெடுத்து, நாள்தோறும் அதே நேரத்தில், அதே இடத்தில் செய்யுங்கள். முன்னே நின்று நீங்கள் துலக்கிக் காட்டினால் அவரும் தொடர்வார். மறுத்தால் வற்புறுத்தாமல் சிறிது நேரம் கழித்து முயலுங்கள். பல் வலியை அவரால் சொல்ல இயலாமற் போகலாம். உணவைத் தள்ளுதல், ஒரே பக்கமாக மெல்லுதல், கன்னத்தில் கை வைத்தல், பல்செட்டை மாட்ட மறுத்தல், காரணமற்ற சினம் ஆகியவை வலியின் அறிகுறிகளாக இருக்கலாம்.

*படுக்கையிலேயே இருப்பவர்.* நாளுக்கு இருமுறை பின்வரும் முறையில் செய்யுங்கள்.

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவிக் கையுறை அணியுங்கள்.
2. தலைப்பகுதியை உயர்த்தி அமர்ந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். இயலாவிடில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கன்னத்தின் கீழ் துண்டு விரியுங்கள். மல்லாந்த நிலையில் செய்யக் கூடாது.
3. உதடுகளை நனைத்துவிட்டு, பல்செட் இருந்தால் கழற்றுங்கள்.
4. சிறு தலைப்பகுதி கொண்ட மென்மையான தூரிகையை நீரில் நனைத்து உதறி, அரிசி மணி அளவு பசையிட்டு மெதுவாகத் துலக்குங்கள்.
5. நுரையையும் நீரையும் காஸ் துணியால் துடைத்தெடுங்கள். வாயில் நீரை ஊற்ற வேண்டாம். அது மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும்.
6. நாக்கு, அண்ணம், கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றை ஈரத் துணியால் துடையுங்கள். பற்களுக்கிடையே விரலை வைக்காதீர்கள், அனிச்சையாகக் கடித்துவிடக்கூடும்.
7. முடிந்த பின் சிறிது நேரம் தலையை உயர்த்தியே வையுங்கள்.

குழாய் வழியே உணவு பெறுபவரின் வாய் பயன்படாததால் தூய்மையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். மெல்லுதலும் விழுங்குதலும் இல்லாத வாயில் கிருமிகள் இன்னும் மிகுதியாகப் படியும். குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பு மருந்தை மருத்துவர் சொன்ன காலத்திற்கு மட்டும் பயன்படுத்துங்கள்; நீண்ட நாள் பயன்படுத்தினால் பற்களில் கறை படியும், சுவை மாறும்.

பல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவை

பல் மருத்துவரிடம் செல்லும்போது எல்லா மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். குறிப்பாகப் பின்வருவனவற்றைத் தவறாமல் கூறுங்கள்.

- ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்துகள். பல் பிடுங்குவதற்காக இவற்றைத் தாமாக நிறுத்தினால் மாரடைப்போ பக்கவாதமோ ஏற்படலாம். பல் மருத்துவரும் உங்கள் மருத்துவரும் கலந்து முடிவெடுப்பர்.
- அலென்ட்ரோனேட், சோலெட்ரானிக் அமிலம் போன்ற எலும்புத் தேய்வுக்கான மருந்துகள். இவற்றைப் பெறுபவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமற் போவது அரிதாக உண்டு.
- செயற்கை இதய வால்வு, முன்பு ஏற்பட்ட இதய உள்ளுறைத் தொற்று. சில சிகிச்சைகளுக்கு முன் ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம்.
- அம்லோடிபின், நிஃபெடிபின், ஃபெனிடாயின். இவை சிலருக்கு ஈறை வீங்கி வளரச் செய்யும்.
- தலை, கழுத்துப் பகுதியில் பெற்ற அல்லது பெறவுள்ள கதிர்வீச்சுச் சிகிச்சை. அதைத் தொடங்கும் முன்பே பற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் காலை உணவும் மருந்தும் எடுத்துக்கொண்டு, முற்பகலில் செல்வது நல்லது.

தவறான நம்பிக்கைகள்

*‘மேல் பல்லைப் பிடுங்கினால் பார்வை போய்விடும்.’* பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறானவை. பல் பிடுங்குவதால் பார்வை குறையாது. முதுமையில் பார்வை மங்கினால் கண்புரை, கண்நீர் அழுத்தம் ஆகியவற்றுக்குப் பரிசோதனை செய்ய வேண்டும்.

*‘பல்லைக் கிளீனிங் செய்தால் பல் ஆடும்.’* எலும்பு கரைந்து ஏற்கெனவே தளர்ந்த பல்லைக் காரை இறுகப் பிடித்திருக்கும். காரையை நீக்கியதும் அந்த ஆட்டம் வெளிப்படுகிறது. சுத்தம் செய்யாவிடில் எலும்பு மேலும் கரையும்.

*‘ஈறில் இரத்தம் வந்தால் துலக்கக் கூடாது.’* துலக்காமல் விட்டால் படலம் கூடி இரத்தக் கசிவு மிகும். மென்மையான தூரிகையால் தொடர்ந்து துலக்கி, மருத்துவரிடமும் காட்டுங்கள்.

*‘வலிக்கும் பல்லில் புகையிலை, கற்பூரம், கிராம்பு எண்ணெய், ஆஸ்பிரின் மாத்திரை வைத்தால் போதும்.’* இவை ஈறையும் கன்னத்தையும் பொசுக்கிப் புண்ணாக்கக்கூடும், சொத்தையைக் குணப்படுத்தா.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

- முகமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கிக் காய்ச்சல் வருதல்.
- விழுங்கவோ மூச்சுவிடவோ வாய் திறக்கவோ இயலாமை.
- பல் பிடுங்கிய இடத்தில் சுத்தமான துணியை 20 நிமிடம் கடித்திருந்தும் இரத்தம் நிற்காமை.
- பல்செட்டோ அதன் துண்டோ விழுங்கப்பட்டிருக்கலாம் என்னும் ஐயம்.
- தாடை வலியுடன் நெஞ்சு வலி, வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை சேர்ந்து வருதல். இது மாரடைப்பாக இருக்கலாம்; தாமதியாமல் 108-ஐ அழையுங்கள்.

சிகிச்சை எங்கே கிடைக்கும்?

ஆண்டுக்கு ஒருமுறையேனும் பல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பற்களே இல்லாதவருக்கும், பல்செட் அணிபவருக்கும் இது பொருந்தும். நீரிழிவு, வாய் வறட்சி, ஈறு நோய் உள்ளவர்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை செல்வது நல்லது. முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். தேவைப்பட்டால் பல் மருத்துவப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பர். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய இடங்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன.

2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளும், நோய் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிற்கே வந்து வழங்கப்படுகின்றன. அவ்வாறு வருபவரிடம் வாயில் உள்ள புண், வலி, மெல்ல இயலாமை ஆகியவற்றையும் தெரிவியுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணையும், முதியோருக்கான பிற உதவிகளுக்கு 14567 என்னும் எண்ணையும் அழைக்கலாம்.

எஞ்சியிருப்பது நான்கு பற்களே ஆயினும் அவை காக்கத் தக்கவை. ஒரு பல்லின் பிடிமானமே பல்செட்டை உறுதியாக நிறுத்தும். இன்றிரவு உறங்கும் முன் பல் துலக்குவதிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் துலக்க இயலாத முதியவர் இருந்தால், அவருக்கும் துலக்கிவிடுங்கள்.